நாலு வருஷத்துக் கிழங்கு

அத்தியாயம் 11

டெலாலி வெள்ளைக் கினிக்கோழியின் கழுத்தை இடது கையில் இறுக்கிப் பிடித்து, வலது கையில் கத்தியை எடுத்த நேரத்தில்தான் கோன்ஜா வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் நலம் விசாரிக்கவில்லை. இந்த ஊரில் ஒரு பெண் நலம் விசாரிக்காமல் முற்றத்தில் கால் வைத்தால் எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று பொருள்.

"கையை எடு! கத்தியைக் கீழ போடுடி யாய்ரா அம்மா!"

டெலாலி திடுக்கிட்டுக் கத்தியை நழுவவிட்டாள். கோழி இறக்கையை அடித்துத் தரையிலிருந்த புழுதியையெல்லாம் அவள் முகத்தில் வாரி இறைத்தது.

போன வியாழக்கிழமை லாசிமின் தாய் இந்தக் கோழிக்கூடையை மிஷன் வீட்டு வாசலில் இறக்கிவைத்து, கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனது நினைவிருக்கும். புள்ளிக்கோழி இரண்டு, வெள்ளை ஒன்று. டெலாலிக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. ஏழு வருஷமாகப் பாஸ்டரான அவள் கணவர் எடெமின் வீட்டுக்கு யார் யாரோ எதையெதையோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்றைக்கு லாசிமும் அவன் கூட்டாளிகள் பதினோரு பேரும் பாஸ்டர் வயலில் வள்ளிக்கிழங்குக்கு மேடு போட விடியற்காலையே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயிற்றுக்குக் குழம்பு வேண்டும், கூடையில் மூன்று கோழி இருக்கிறது, வேறென்ன யோசனை?

"வெள்ளையைப் போய்க் குழம்பு வைப்பாளா ஒருத்தி?" என்றாள் கோன்ஜா, கோழியைப் பிடுங்கிக் கூடைக்குள் தள்ளியபடி.

"ஏன், அது என்ன சாமிக்கோழியா?"

"மாமியார் ஆகப்போறவ பேசற பேச்சா இது?"

"யாருக்கு யாருடி மாமியார்?"

கோன்ஜா வாய்விட்டுச் சிரித்தாள். டெலாலி கூடச் சிரிக்காததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"விளையாடாதே," என்றாள். "நாலு வருஷமா அவனுக்குச் சோறு போடறே. உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

கோன்ஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உரலைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாய்ரா பிறந்த மூன்றாம் நாள் லாசிமின் தாய் ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போட்டாள் அல்லவா, அது குளிருக்குக் கொடுத்த விறகு இல்லை. பெண்ணை என் மகனுக்குத் தருவாயா என்று கேட்கிற விறகு. பிடிக்காத வீட்டார் அன்றைக்கே அதைப் படலுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது, மறுநாளே சிரித்துப் பேசிக்கொள்வார்கள். வைத்துக்கொண்டால் சம்மதம். அதற்கப்புறம் பையன் வருஷாவருஷம் பெண் வீட்டு வயலில் மேடு போட வேண்டும், பெண் வளர்ந்து ஆளாகிறவரைக்கும்.

"வெள்ளையை அறுத்தா, பொண்ணை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வருஷத்துக்கு ஒரு மாசம் பழக்குங்கன்னு நீ சொல்லிட்டேன்னு அர்த்தம்," என்று முடித்தாள் கோன்ஜா. "பல்லு முழுசா வந்துடுச்சில்ல, இனிமே கேக்கத்தான் செய்வாங்க."

டெலாலி அந்த விறகில் வெந்நீர் காய்ச்சித்தான் குழந்தையைக் குளிப்பாட்டினாள். எவ்வளவு நல்ல மனசு பார் என்று தெற்கே ஹோ என்ற ஊரிலிருக்கும் அக்காவுக்குக் கடிதம்கூட எழுதினாள். லாசிம் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவள் எதிரில் சாப்பிடுவதில்லை, சட்டியை வாங்கிக்கொண்டு குதிருக்குப் பின்னால் போய்விடுவான். கூச்ச சுபாவம், தங்கமான பிள்ளை என்று இவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாருக்குக் காட்டும் மரியாதையாம் அது. தன் முட்டாள்தனத்தை நினைக்க அவளுக்கே உடம்பு கூசியது.

யாய்ரா முற்றத்து மூலையில் நிலக்கடலைத் தோலைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான்கு வயது. ஊர்ப்பேச்சை அப்பாவைவிட, அம்மாவைவிட நன்றாகப் பேசுவாள்.

"எனக்குத் தெரியுமே," என்றாள் தலையைத் தூக்காமல். "கிணத்தடியில எல்லாரும் என்னை லாசிம் வீட்டுப் பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க."

டெலாலி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. லாசிம்மேல் கோபப்பட முடியாது, கேட்கவேண்டிய முறைப்படி கேட்டிருக்கிறான். கோன்ஜாமேலும் முடியாது.

"என்னையும் பிறந்தப்பவே பேசி வச்சாங்க," என்றாள் கோன்ஜா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "நான் ஓடிப்போயிட்டேன், அது வேற கதை. நீங்க தெக்கத்திக்காரங்க ஒத்துக்கிட்டதுதான் எங்களுக்கே ஆச்சரியம். தாய்க்காரிகிட்டப் போய் இதைப் பேசறது மரியாதை இல்லைன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தோம்."

அந்த நிமிஷம் டெலாலிக்குத் தன் கணவன்மேல் வந்தது இரக்கம்தான். பாவம் எடெம்! நாலு வருஷமாகத் தலைமைச் சபைக்கு அனுப்பும் அறிக்கையில், 'வாலிபர்கள் ஊழியக்காரரின் நிலத்தில் மனமுவந்து உழைக்கிறார்கள், சுவிசேஷத்தின் முதற்கனி' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டால் மனிதர் நொறுங்கிப்போவார். மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அவர் நம்ப, அதற்கான சரியான ஊர்வார்த்தைகள் வேண்டும். அவள் பேச்சு உரலடியிலும் ஆற்றங்கரையிலும் கற்றது. 'சமையலறை பாஷை' என்று எடெம் கேலி செய்வார். அவருடையது முறையாகப் படித்தது.

குழந்தையைக் கோன்ஜாவிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

எடெமின் மேஜைமேல் தகரப்பெட்டிகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஊர்ப்பேச்சுக்கு அவர் தொகுக்கும் அகராதியின் அட்டைகள். ஒரு வார்த்தைக்கு ஓர் அட்டை. மேலே வார்த்தை, கீழே அர்த்தம், யாரிடம் கேட்டது, எந்தத் தேதி, பிறகு வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம். சிவப்பு மையால் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருப்பார். தலைநகரிலிருந்து வந்த மொழி அதிகாரிகள் இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். அவளுக்கும் அதில் பெருமை உண்டு.

விறகு என்ற வார்த்தையைத் தேடினாள். மூன்று அட்டைகள் இருந்தன. அடுப்பு விறகு. சந்தையில் விற்கும் விறகு. மூன்றாவதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

'பெண் குழந்தை பிறந்த வீட்டில் சம்பந்தம் கேட்டு வைக்கப்படும் கட்டு. கேட்டது: லாசிமின் தாய். மார்ச் 11. வாக்கியம்: விறகைத் திருப்பி எறியாவிட்டால் சம்மதம்.'

யாய்ரா பிறந்தது அதே வருஷம் மார்ச் ஒன்பது.

அடுத்த பெட்டியில் தேடுவதற்குக்கூட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த மனிதரின் ஒழுங்கு அப்படி. 'மாப்பிள்ளையாக வரப்போகிறவன் பெண் வீட்டு வயலில் செய்யும் உழைப்பு. டிசம்பர் 20. வாக்கியம்: லாசிம் என் மகளுக்காக மேடு போடுகிறான்.' கோடு கொஞ்சமும் கோணாமல் போடப்பட்டிருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. எடெம் வந்துவிட்டார். சர்ச்சுக் கூரைக்கு அளவெடுக்கப் போனவர், பசியோடு வந்திருந்தார். மூடிவைத்திருந்த வறுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"குழம்பு ஆச்சா? பசங்க பத்து மணிக்கு ஓய்வுக்கு வந்துடுவாங்க."

டெலாலி இரண்டு அட்டைகளையும் அவர் முன்னால் வைத்தாள். "யாய்ரா அப்பா, இது என்ன?"

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"என் அட்டையைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வரிசை கலைஞ்சுடும்."

"வரிசையா? நம்ம பொண்ணு பிறந்த மூணாம் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"கத்தாதே. உக்காரு." ஒரு துண்டுக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டார். "நான் வாக்குக் கொடுத்தேனா? ஒரு வார்த்தை? அவங்க கொண்டுவந்து போட்டாங்க. நான் சும்மா இருந்தேன். சும்மா இருக்கறது பாவம்னு எங்கே எழுதியிருக்கு?"

"திருப்பி எறியாட்டி சம்மதம்னு எழுதினது உங்க கைதானே?"

"அதுக்கு முன்னாடி மூணு வருஷம் சபைல யார் இருந்தா சொல்லு. நீ, நான், நிழலுக்கு ஒதுங்கின ரெண்டு ஆடு. அப்புறம் லாசிம் வந்தான். அவன் பின்னாடி கூட்டாளிங்க, அவங்க வீட்டுப் பொம்பளைங்க. இன்னிக்கு நாப்பத்தோரு ஆத்துமா. சர்ச்சுச் சுவருக்குக் கல் அறுத்தது யாரு? கர்த்தர் எந்த வாசலை வேணும்னாலும் திறப்பார்."

"கர்த்தரை இதுல இழுக்காதீங்க!"

"சரி, இழுக்கலை. இப்ப என்ன கெட்டுப்போச்சு? யாய்ராவை யார் கொடுக்கப்போறா? நான் என்ன பைத்தியமா? அவ பெரியவளாகறதுக்குள்ள நமக்கு நாலு மாத்தல் வந்துடும்."

கொடுக்கிற எண்ணத்தோடு இருந்தார் என்றால்கூட அவளால் அழுது சண்டை போட்டிருக்க முடியும். கொடுக்கப்போவதே இல்லை என்று தெரிந்துகொண்டுதான் நாலு வருஷம் ஒருவனை வெயிலில் குனியவைத்திருக்கிறார். அவர் வாயோரத்தில் கிழங்குத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பேசப் பேச அது மேலும் கீழும் ஆடியது. டெலாலியால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்ப லாசிம்?"

"அவனுக்கென்ன?"

"இருபத்தாறு வயசாச்சு. நாலு வருஷமா வேற எந்த வீட்டுலயும் பொண்ணு கேக்கலை. கேக்கவும் முடியாது."

"அவன் விவசாயி, டெலாலி. எங்கேயாவது மண்ணைக் கொத்தத்தானே போறான்?"

"நாளைக்கே அவங்க வந்து கேட்டா?"

எடெம் விரலை நக்கிக்கொண்டார். "பாஷை புரியலைன்னு சொல்லிட்டாப் போச்சு. வெளியூர்க்காரன்தானே, விட்டுடுவாங்க."

இரண்டு அட்டைகளையும் எடுத்து, அதனதன் பெட்டியில், அதனதன் இடத்தில் சொருகினார். பிறகு ஞாபகம் வந்தவரைப்போல, "வெள்ளையை மட்டும் அறுக்காதே. புள்ளிக்கோழி ரெண்டு போதும், கிழங்கு நிறையப் போட்டுடு," என்றார்.

அவள் பின்பக்கமாக வெளியேறி, குளியல் மறைப்புக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். காலையில் தின்ற கிழங்குதான் வந்தது. நாலு வருஷமாக அவள் தின்றது, குழந்தைக்கு மசித்து ஊட்டியது, விருந்தாளிகளுக்கு இடித்துப் பரிமாறியது எல்லாம் இந்தக் கிழங்கு. ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாங்கித் தின்றிருக்கிறாள். தெரியாமல் தின்றாலும் தின்றது தின்றதுதானே? வாயை மூன்று தடவை கொப்பளித்தும் அந்த ருசி போகவில்லை. சீ என்று தன்னையே ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

கோன்ஜா தண்ணீர்க் குடுக்கையோடு பின்னால் வந்து நின்றாள். உள்ளே அவர்கள் பேசியது தெற்குப் பேச்சு, ஆகவே அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பேச்சு விளங்காவிட்டாலும் முகம் விளங்குமே.

"பாஸ்டருக்கும் தெரியாதாமா?" என்று கேட்டாள்.

டெலாலி குடுக்கையை வாங்கிக்கொண்டாள். "இதை முடிக்கணும்னா என்ன செய்யணும்? அதைச் சொல்லு," என்றாள்.

"கோழியை உயிரோட திருப்பிக் கொடுக்கணும். அவன் எத்தனை வருஷம் உழைச்சானோ அத்தனை வருஷம் நீங்க அவன் வயல்ல போய் மேடு போடணும். என் மாமா அப்படித்தான் செஞ்சார். மூணு வருஷம், மகனுங்களையும் கூட்டிட்டுப் போய் முதுகு ஒடிய ஒடிய. யாரும் ஒரு சொல் சொல்லலை."

"அவ்வளவுதானா?"

"வயல்ல, எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்து சொல்லணும். அதுதான் கஷ்டம். தெரியாம நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. பாதிக் கோபம் அதுலேயே இறங்கிடும். வெளியூர்க்காரங்கன்னு சிரிச்சுட்டுக்கூட விட்டுடுவாங்க."

டெலாலி கூடையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாள். யாய்ராவைப் பார்த்துக்கொள்ளும்படி கோன்ஜாவிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

வடக்கேயிருந்து வரும் பனிப்புழுதி அன்று கனமாக இறங்கியிருந்தது. சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த மங்கலில் பன்னிரண்டு பேர் குட்டைப்பிடி மண்வெட்டியோடு குனிந்து, ஆளுக்கொரு வரிசையாக மண்ணை இழுத்துக் குவித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் ஒரு வேடிக்கைப் பாட்டை இழுக்க, மற்றவர்கள் பதிலுக்கு ஹூம் போட்டார்கள். முழங்கால் உயர மேடுகள், எண்ணினால் இருநூறுக்கு மேல் இருக்கும். இன்றைக்கு ஒரு காலைக்குள் போட்டவை.

அவளைக் கண்டதும் லாசிம் வரிசையை விட்டு விலகி, தரையில் குந்தி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"சாப்பாடு நடந்து வருதுடா! இன்னும் உயிரோட இருக்கு!" என்றான் பாட்டை இழுத்தவன். எல்லாரும் சிரித்தார்கள்.

டெலாலி கூடையை லாசிமின் முன்னால் இறக்கிவைத்தாள். மூன்று கோழிகளும் கழுத்தை நீட்டின. வெள்ளையும் அதில் இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

அவளுக்குத் தெரிந்தது சமையலறை பாஷைதான். அதிலேயே சொன்னாள்.

"என் மகள் குழந்தை. அவளை யாருக்கும் நான் பேசி வைக்கலை. இந்தக் கோழியை வாங்கிக்கோ, லாசிம். நீ நாலு வருஷம் எங்களுக்கு உழைச்சே. நாங்க நாலு வருஷம் உனக்கு உழைக்கறோம். நாளைக்கு நான் வரேன்."

பாட்டுக்காரன் மண்வெட்டியைத் தரையில் குத்தினான். "நாலு வருஷம் தின்னு முடிச்சப்புறம்தான் குழந்தைன்னு தெரிஞ்சுதா?"

லாசிம் கையைத் தூக்கி அவனை அடக்கினான். அவன் மார்பில் வேர்வையும் புழுதியும் குழம்பி வழிந்தன. பிறகு கோபமில்லாமல் கேட்டான்.

"தெரியாம நடந்துடுச்சா, அம்மா?"

அவனே வழி விடுகிறான். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். நாப்பத்தோரு பேரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்து உட்காருவார்கள். கூரை ஏறும். யாய்ரா தன் கட்டிலிலேயே தூங்குவாள். எடெம் இன்னொரு அட்டை எழுதுவார், கோடு கோணாமல். வாயோரத்துத் துணுக்கு அவள் கண்முன்னால் வந்தது.

"எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்," என்றாள்.

"பாஸ்டருக்கு?"

"விறகு வந்த அன்னிக்கே தெரியும்."

சொல்லி முடித்ததும் வாயிலிருந்த அந்த ருசி கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது. லாசிம் எழுந்து நின்றான். பக்கத்திலிருந்த மேட்டை ஒரு முறை பார்த்தான், தன் கையைப் பார்த்தான், கூடையைத் தொடவில்லை.

"உங்க கையால இதை நான் வாங்க முடியாது. விறகை வச்சுக்கிட்டது அவர். தெரிஞ்சேதான் வச்சுக்கிட்டேன்னு அவர் வாயால சொல்லட்டும். அப்புறம் வாங்கிக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அவ எங்க வீட்டுப் பொண்ணுதான்."

பன்னிரண்டு மண்வெட்டிகளும் தோளில் ஏறின. வரிசைகள் பாதியில் நின்றன.

"பாஸ்டர்கிட்டப் போய் என்னடா பண்ணப்போறோம்?" என்றான் பாட்டுக்காரன், கசந்துபோய். "பாஷை புரியலைம்பார். வெளியூர்க்காரரைப் பிடிச்சு என்ன செய்ய முடியும்?"

டெலாலி கூடையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"புரியலைன்னுதான் சொல்வார்," என்றாள். "அவர் பக்கத்துலயே நான் நிக்கறேன். புரியும்னு நான் சொல்றேன்."

அவர்களுக்கு முன்னால் அவளே வீட்டைப் பார்த்து நடந்தாள்.